கெவுளி வாக்கும் சிவப்புச் சீட்டும்

நவம்பர் 1, புதன்

வந்து சேர்ந்தாயிற்று. தாராபுரம் தாலுகா, செங்கோடம்பாளையம். பேருந்து இறக்கிவிட்ட இடத்தில் ஒரு வேப்பமரமும் ஒரு ஆடும் மூடிக்கிடந்த ஒரு டீக்கடையும்தான் இருந்தன. ஊர் எங்கே என்று கேட்டேன். "இதுதான் அரசி" என்றார் இவர், ஏதோ தானே கட்டிய ஊர் மாதிரி.

இவர் என்றால் என் கணவர் தணிகாசலம். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய நாளிலிருந்து இவருக்கு ஒரே பேச்சு. நிலம் வாங்க வேண்டும், அதிலேயே குடியிருக்க வேண்டும், சொந்த மாட்டுப் பால், சொந்தக் கோழி முட்டை, சொந்தக் கத்தரிக்காய். தமிழ்நாட்டைத் தாலுகா தாலுகாவாகக் கணினியில் போட்டு அலசினார். மழை எவ்வளவு, தண்ணீர் எத்தனை அடியில், மண் என்ன நிறம், ஆஸ்பத்திரி எங்கே என்று கட்டம் கட்டமாக மதிப்பெண் கொடுத்தார். மதுராந்தகம் முதல் சுற்றிலேயே தோற்றது. ஆலங்குடி அரையிறுதிவரை வந்தது. கோப்பையை வென்றது தாராபுரம்.

நான் அம்பத்தூரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவள். குறையுள்ள பொருளுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டுவது என் வேலை. மங்கையர்க்கரசி கட்டிய சீட்டை எந்த மேனேஜரும் அவிழ்த்ததாகச் சரித்திரம் இல்லை. கம்பெனியை இழுத்து மூடியபோது மிச்சமிருந்த சீட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

எங்களுக்குள் ஒப்பந்தம் இதுதான். ஊரைத் தேர்ந்தெடுப்பது அவர் உரிமை. மார்கழி பிறக்கும்வரை வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வேண்டும், வேண்டாம் என்று சொல்வது என் உரிமை. நான் வேண்டாம் என்றால் மறுபேச்சு கிடையாது, அம்பத்தூர் மூன்றாம் மாடிக்கே திரும்பிவிடுவோம்.

வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டுமே என்றுதான் இந்த நாட்குறிப்பு.

நவம்பர் 2, வியாழன்

எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு சாளை. தோட்டத்துக்குள் கட்டிய ஓட்டு வீட்டை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டுக்காரி மாராத்தாள். ஏறக்குறைய என் வயது. கணவர் இல்லை. மகன்கள் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறார்கள், காட்டுப் பக்கம், அதாவது நிலத்துப் பக்கம், எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் பூமியைப் பாதியாகப் பிரித்து, கிழக்குப் பாதியை இந்தச் சாளையோடு விற்க நினைக்கிறார். இவர் கண் வைத்திருப்பது அதில்தான். கிணறு நடுவில் இருக்கிறது, இரண்டு பாதிக்கும் பொது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் மாராத்தாளின் வீடு.

முதல் நாள் ஆய்வு. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சீட்டு. குழாய் சொட்டுகிறது, சீட்டு. ஓடு ஒன்று உடைந்து வானம் தெரிகிறது, சீட்டு. கைபேசியில் பேச வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற வேண்டும், தொட்டிக்கும் ஒரு சீட்டு. சமையலறைச் சுவரில் ஒரு பல்லி. அதற்குக் கட்ட முடியவில்லை.

மாராத்தாள் வந்து எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"இதென்னுங்க அம்மிணி, கண்ணாலத்துக்குத் தோரணங் கட்டுனாப்பல?"

"குறை இருக்கிற இடம்க்கா. ஞாபகத்துக்குக் கட்டியிருக்கேன்."

"அட, கொறைக்கே இத்தன அழகாக் கட்டறீங்க. நல்லதுக்கு என்னத்தக் கட்டுவீங்க?"

நல்லதுக்கு ஒன்றும் கட்டுவதில்லை, அது தானாக அடுத்த பிரிவுக்குப் போய்விடும் என்றேன். "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். நான் எதையாவது பரிசோதிக்கும்போது பார்க்கிற பார்வை அது.

நவம்பர் 3, வெள்ளி

எல்லாச் சீட்டையும் ஆடு தின்றுவிட்டது. மாராத்தாளின் ஆடு. பெயர் தாசில்தார். யார் காட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து பார்வையிட்டு வருவதால் அந்தப் பெயராம். மறுபடியும் கட்டினேன், எட்டாத உயரத்தில்.

நவம்பர் 6, திங்கள்

மண் பரிசோதனைக்கு அனுப்ப நிலத்தின் நான்கு மூலையிலும் மண் எடுக்க வேண்டும் என்று இவர் கடப்பாரையோடு கிளம்பினார். இரண்டாவது மூலையிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. மற்ற குழிகளை நான் தோண்டினேன். செம்மண், ஊடே கொஞ்சம் சுக்கான்கல். வெயிலில் காய்ந்த மண்ணைக் கிளறும்போது ஒரு வாசனை வருகிறது. அதற்கு இவருடைய கணினியில் கட்டம் இல்லை என்பதால் நானும் குறிக்கவில்லை.

கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். குறை சொல்ல முடியவில்லை. ஆகையால் கிணறு ரொம்ப ஆழம் என்று எழுதிக்கொண்டேன். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று மாராத்தாளிடம் கேட்டேன்.

"வாரப்ப வருமுங்க" என்றார்.

இதற்கு இரண்டு சீட்டு கட்டலாம்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மாராத்தாள் கச்சாயம், ஒப்பிட்டு என்று பலகாரங்கள் கொண்டுவந்தார். மகன்கள் வரவில்லை. வியாபாரம் என்று சொன்னார்களாம். எங்களோடு உட்கார்ந்தே சாப்பிட்டார். நான் செய்த மைசூர்பாகை ஒரு கடி கடித்துவிட்டு, "இத எதுக்குங்க தின்னுக்கிட்டு, ஊடு கட்ட வெச்சுக்கலாமுங்" என்றார். நான் சிரித்தேன். என் சமையலைக் குறை சொன்னதற்கு நான் சிரித்தது இதுதான் முதல் தடவை என்று இவர் சொல்கிறார்.

சாயங்காலம் இவர் தொட்டி மேல் ஏறி அம்பத்தூர் பூங்கா நண்பர்களோடு வெகுநேரம் பேசினார். இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அரசி, ஒண்ணு சொல்றேன். நீ வேணாம்னு சொன்னாலும் நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். போன வாரமும் இதையே சொன்னார். பாவம், என் மறுப்பைத் தாங்கிக்கொள்ள மனதைப் பழக்குகிறார். எவ்வளவு ஆசை இருந்தால் இப்படி ஒருவர் சொல்வார்.

நவம்பர் 16, வியாழன்

இன்று நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு தாலுகாவை எடைபோட ஆஸ்பத்திரிதான் முக்கியம். எத்தனை நேரத்தில் போய்ச் சேரலாம் என்று கைபேசி சொல்வதை நான் நம்புவதில்லை. கம்பெனியில் தீ விபத்து ஒத்திகை நடத்துவோம். அதே மாதிரி ஒரு நெஞ்சுவலி ஒத்திகை நடத்துவது என்று முடிவு செய்தேன். நோயாளி இவர். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது ஒத்திகையே இல்லை என்பது கம்பெனி விதி, எனவே இவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

வாசலுக்கு ஓடி, "அக்கா! இவருக்கு நெஞ்சு வலிக்குதாம்!" என்று கத்தினேன்.

மாராத்தாள் என்ன ஏது என்று கேட்கவில்லை. கிணற்று மேட்டில் ஏறி நின்று ஒரே ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். எங்கிருந்தோ பக்கத்துக் காட்டுக்காரர் மயிலுசாமியின் வேன் வந்தது. பாதை வழியாக வந்தால் சுற்று என்று, தன் சொந்தக் காட்டுக் கிளுவை வேலியை உடைத்துக்கொண்டு வந்தது. இவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கினார்கள். பிடித்திருந்த இடுப்பு சுளீர் என்றதில் இவர் நிஜமாகவே அலறினார். "ஐயோ, ரொம்ப முத்திப்போச்சு" என்று யாரோ அழ ஆரம்பித்தார்கள். வேனுக்குப் பின்னால் வண்டி வண்டியாக ஊரே வந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் ஒன்றும் இல்லை, இடுப்பில்தான் தசைப்பிடிப்பு என்றார் டாக்டர். வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மாராத்தாள் கையில் பால் பிளாஸ்க், தோளில் துண்டு. இது வெறும் ஒத்திகை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "வாயுதானாம்" என்று சொல்லிவிட்டேன். மயிலுசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நவம்பர் 17, வெள்ளி

இவர் உயிரோடு திரும்பினால் சேவல் அறுப்பதாக மாராத்தாள் கரியகாளியம்மனுக்கு நேர்ந்திருந்தாராம். நேர்ந்ததைச் செய்யாமல் விடக் கூடாது. மத்தியானம் குழம்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது. குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

பிறகு மயிலுசாமியின் உடைந்த வேலியைச் சரிசெய்யப் போனேன். கிளுவைக் குச்சியை ஒடித்து அப்படியே மண்ணில் நட்டால் போதும், அதுவே துளிர்க்குமாம். பொழுது சாய்கிறவரை நட்டேன். கையெல்லாம் கீறல்.

ஆஸ்பத்திரி என்ற தலைப்புக்கு நேரே 'தூரம் அதிகம்' என்று எழுதினேன். அம்பத்தூரில் எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனதைக் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

நவம்பர் 20, திங்கள்

மாராத்தாள் இன்று விற்பனைப் பேச்சை எடுத்தார். நாங்கள் விலை சொல்வார் என்று பார்த்தோம்.

"வெல கெடக்குதுங்க, அது பொறவு பேசிக்கலாமுங். கெணறு பொது. காலம் பூரா ஒரே தண்ணியக் குடிக்கோணும். ஒருத்தரு மூஞ்சில ஒருத்தரு முழிக்கோணும். வாரவிங்க எப்படியோ, நானு எப்படியோ. அம்மங்கிட்டக் கெவுளி கேட்டுப் போடலாமுங்."

கெவுளி என்றால் பல்லி. பெண் எடுக்கும் முன்னும் வெளியூர்க்காரர்களுக்குப் பூமி கொடுக்கும் முன்னும் இந்த ஊரில் கோயிலில் கெவுளி கேட்பது வழக்கமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பண்டாரம், அதாவது பூசாரி, விளக்கேற்றி அம்மனிடம் கேட்பார். பெண்கள் உட்காரும் பக்கம் அம்மனுக்கு வலது. அங்கிருந்து பல்லி சத்தம் கேட்டால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று பொருள். ஆண்கள் பக்கம் இடது. அங்கிருந்து கேட்டால் கூடாது. விளக்கு அணையும்வரை சத்தமே இல்லையென்றால் அடுத்த வெள்ளி. மூன்று முறையும் பல்லி வாய் திறக்காவிட்டால் பேச்சு அதோடு முறிந்தது, பிறகு கேட்கவே கூடாது.

தீர்ப்புச் சொல்ல வந்தவள் நான். குறுக்கே ஒரு பல்லி எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது. இவரோ முகமெல்லாம் மலர்ந்து, "நல்ல ஏற்பாடா இருக்கே!" என்றார். இந்த ஊருக்கு வந்த பிறகு இவரை இவ்வளவு தெம்பாக நான் பார்க்கவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

கோயில் சின்னது. சுவரில் கொழுத்த பல்லி ஒன்று, அம்மன் தலைக்கு நேர் மேலே. விளக்கு அணையும்வரை அது ஆடாமல் அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொசுக்கடிதான் மிச்சம்.

எனக்கு நிம்மதி. வீடு திரும்பும்போது இவர் பாட்டு முணுமுணுத்தார். துக்கத்தை மறைக்கிறார்.

நவம்பர் 27, திங்கள்

தக்காளி நாற்று நட்டேன். ஆய்வுக்காக.

நவம்பர் 28, செவ்வாய்

நாற்றையெல்லாம் மயில் பிடுங்கிப் போட்டுவிட்டது. மறுபடி நட்டேன். மிச்சமிருந்த சிவப்புச் சீட்டுகளைக் கயிற்றில் கோத்துச் சுற்றிலும் கட்டினேன். காற்றில் படபடவென்று ஆடினால் மயில் கிட்டே வராதாம். குழாயில் இருந்த சீட்டையும் அவிழ்த்து அங்கே கட்டிவிட்டேன். குழாய் முன்போல அவ்வளவு சொட்டுவதில்லை. வாஷர் மாற்றினேன்.

டிசம்பர் 1, வெள்ளி

இரண்டாவது முறை. பல்லி அதே இடத்தில். விளக்குத் திரி சுருங்கிக்கொண்டே வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லியையே பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் அதற்கு என்ன குறைந்துவிடும்? போடவில்லை.

"இன்னொரு வெள்ளி இருக்குதுங்க அம்மிணி" என்று மாராத்தாள் என் தோளைத் தட்டினார். யாருக்கு அவசரம் என்றேன். கொஞ்சம் சுள்ளென்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அடுத்த வெள்ளி பண்டாரம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறாராம். எனவே கடைசிக் கேள்வி பதினைந்தாம் தேதி.

டிசம்பர் 3, ஞாயிறு

சமையலறைப் பல்லி பேசும்போது கவனித்துக் கேட்டேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துச் சட்டென்று விட்டால் ஏறக்குறைய அதே சத்தம் வருகிறது. கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பல்லி சத்தம் எது, வேறு சத்தம் எது என்று ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் தொட்டிக்குப் பின்னாலிருந்து இச் இச் என்று கேட்டது. போய்ப் பார்த்தால் இவர் தனியாக நிற்கிறார். தாசில்தாரைக் கூப்பிடுகிறாராம். ஆட்டை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள் என்றார் மாராத்தாள். பட்டணத்து ஆள், இவருக்கு என்ன தெரியும் என்றேன்.

டிசம்பர் 6, புதன்

குளியலறையில் சாரைப்பாம்பு. தாழ்ப்பாள் இல்லாத கதவு நல்லதுக்குத்தான் என்று இன்று தெரிந்தது. இவர் வெளியே வந்த வேகத்துக்குத் தாழ்ப்பாள் தாங்கியிருக்காது. மாராத்தாள் விளக்குமாற்றைத் தரையில் தட்டி வழிகாட்ட, பாம்பு தன் பாட்டுக்குக் கிளம்பிப் போனது. எலி பிடிக்க வந்ததாம், நல்ல பாம்பு இல்லையாம்.

இவர் இரவுச் சாப்பாடுவரை நாற்காலியிலிருந்து காலைக் கீழே வைக்கவில்லை. "மூணாவது மாடிக்குப் பாம்பு ஏறாது அரசி" என்றார். பிறகு, "நீ வேணாம்னு சொன்னா..." என்று ஆரம்பித்தார். தெரியும், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று முடித்து வைத்தேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

விடியற்காலையில் மும்முனை மின்சாரம் வந்தது. மாராத்தாளுக்குக் காலில் முள் குத்தியிருந்ததால் நானே மோட்டாரைப் போட்டேன். மண்வெட்டியால் மடை மாற்றி மாற்றி, அவர் பாத்திக்கும் என் தக்காளிக்கும் தண்ணீர் விட்டேன். கணுக்கால்வரை சேறு. வாய்க்காலில் தண்ணீர் தடுமாறித் தடுமாறி வந்து, கடைசிப் பாத்திக்குள் நுழைந்து, மண் அதை உறிஞ்சியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கம்பெனி மூடிய பிறகு காலையில் எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று உட்கார்ந்திருப்பேன். இங்கே வந்து அப்படி உட்காரவே நேரம் இல்லாமல் போய்விட்டது.

மாராத்தாள் கட்டிலில் உட்கார்ந்தபடியே, "அம்மிணி, வாய்க்கால ஒடச்சுப் போட்டீங்க, அக்கட்டால பாருங்" என்று கத்தினார். ஓடிப்போய் அடைத்தேன்.

டிசம்பர் 14, வியாழன்

தக்காளி பூ வைத்திருக்கிறது. நாளை வெள்ளி.

டிசம்பர் 15, வெள்ளி

பெண்கள் பக்கம் நானும் மாராத்தாளும். ஆண்கள் பக்கம் இவரும் மயிலுசாமியும். பல்லி அம்மன் தலைக்கு மேலே, வழக்கமான இடத்தில்.

பண்டாரம் சூடம் காட்டி, "தாயே, கெழக்காலக் காட்டுக்கு இந்த மெட்ராஸ்காரங்க வாரதா, வேண்டாமா? இன்னைக்கு உட்டா இல்ல. ஒரு வார்த்த சொல்லிப்போடு" என்றார்.

காத்திருந்தோம். எண்ணெய் வற்றி வற்றி, திரி மட்டும் எரிந்தது. மாராத்தாள் கண்ணை மூடியிருந்தார். எனக்கு அந்தக் கடைசிப் பாத்தி ஞாபகம் வந்தது. தக்காளிப் பூ ஞாபகம் வந்தது. கிளுவைக் குச்சி துளிர்த்ததா என்று இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. விளக்கு ஒருமுறை குதித்தது, அணையப் போகிறது. என் நாக்கு மேலண்ணத்துக்குப் போனது. நான் போகச் சொல்லவில்லை.

இச் இச் இச்.

கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு போலிப் பொருளைக்கூடத் தப்பவிடாதவள் நான். அம்மன் சன்னிதியில் போலிப் பல்லியாக உட்கார்ந்திருந்தேன்.

"உத்தரவு ஆச்சுடோய்!" என்று பண்டாரம் மணியைக் கையில் எடுத்தார். அடிக்கவில்லை. அதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம் வந்துவிட்டது.

இச் இச் இச். என்னுடையதைவிட உரக்க.

பண்டாரத்தின் கை மணியோடு அந்தரத்தில் நின்றது. மாராத்தாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். நான் மெதுவாகத் திரும்பி எதிர்ப் பக்கம் பார்த்தேன். மயிலுசாமி வாயைப் பிளந்தபடி என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜப் பல்லி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டத்துக்குள் போய்விட்டது.

"எம்பட தாத்தன் காலத்துல இருந்து ரெண்டு பக்கமும் சொன்னதில்லீங்களே" என்று பண்டாரம் கலங்கிப்போனார்.

மாராத்தாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நாளைக்குக் காத்தால ஊட்டுக்கு வாங்க" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "ரெண்டு கெவுளியும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"நீங்க ஏங்க அந்தப் பக்கம் சொன்னீங்க?"

"நீ ஏன் இந்தப் பக்கம் சொன்ன?"

"இது உங்க ஆசைன்னுதானே நெனச்சேன்!"

"நீ ஊர் பூரா சிவப்புச் சீட்டு கட்டிட்டு இருந்தியே! உனக்காகத்தான் சொன்னேன்." சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, "இல்ல அரசி. பொய். எனக்காகத்தான் சொன்னேன். கட்டம் போட்டு மார்க் போடறவரைக்கும் நல்லா இருந்துச்சு. இங்க வந்தா இடுப்பு போகுது, பாம்பு வருது, காலையில அரசியல் பேச ஒரு ஆள் இல்ல. ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டு, இப்போ நான் எப்படி வேணாம்னு சொல்றது? நீ சொல்லிடுவேன்னு நம்பி இருந்தேன்" என்றார்.

எத்தனை தடவை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். இவ்வளவு பெரிய குறையை நான் கண்டுபிடிக்கவே இல்லை.

"எனக்கு வேணும்ங்க" என்றேன். "எனக்கு இந்த இடம் வேணும்." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இது வேண்டும் என்று நான் எதற்குமே சொன்னதில்லை. நகைக்கடையில்கூட இது வேண்டாம், அது வேண்டாம் என்று ஒதுக்கி, கடைசியில் மிஞ்சியதைத்தான் வாங்கிக்கொள்வேன்.

"அழாத அரசி. நீ அழுதா நான் எப்படி அந்தப் பக்கம் நிக்கறது" என்றார்.

டிசம்பர் 16, சனி

மாராத்தாள் எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"வலப்பக்கம் சொன்னவிங்களுக்குக் காடு. பத்தரம் அம்மிணி பேருல மட்டுந்தான். எடப்பக்கம் சொன்னவரு விருந்தாளி. மெட்ராசுல இருக்கோணும்னா இருக்கட்டும், வாரப்ப வரட்டும். சோறு உண்டு, சேவக் கொழம்பு உண்டு, குழி தோண்டற வேல கெடையாது. சாருக்கு ஒப்புதலுங்களா?"

இவர் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அது அம்மன் சொன்னதல்ல, நான் போட்ட சத்தம் என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். பொய்யான உத்தரவுக்குப் பூமி வாங்கக் கூடாது என்றேன்.

மாராத்தாள் சிரித்த சிரிப்பில் தாசில்தார் மிரண்டு ஓடியது.

"நெஞ்சு வலின்னு போட்டு இடுப்பப் புடிச்சுக்கிட்டுக் கத்துனாரே, அன்னைக்கே உங்க நடிப்பெல்லாம் எனக்குத் தெரியுமுங்."

"தெரிஞ்சேவா ஊரையே கூப்பிட்டீங்க? அப்ப அந்தச் சேவல்?"

"சேவ தின்னு நாளாச்சுங்க." காப்பித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு முந்தி ரெண்டு கூட்டம் வந்துச்சுங். பெரிய பெரிய காருல. மூணு வெள்ளியும் செல்போனப் பாத்துக்கிட்டுச் செவனேன்னு உக்காந்திருந்துட்டு, கெவுளி சொல்லலீங்களா, செரின்னு போயிட்டாங்க. மெய்யாலுமே வேணுமின்னு இருந்தா வாய் சும்மா இருக்குமாங்க? நானு காத்துக்கிட்டு இருந்தது அதுக்குத்தானுங்."

"அம்மன் கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"நானே இந்த ஊட்டுக்கு மருமகளா வாரதுக்கு அங்க கெவுளி சொன்னவதானுங்க" என்றார் மாராத்தாள்.

ஜனவரி 27, சனி

பத்திரம் முடிந்தது. மங்கையர்க்கரசி பேரில். கிளுவை துளிர்த்துவிட்டது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்டேன், உள்ளே ஒன்று, பாம்புக்காக வெளியே ஒன்று. மிஞ்சிய ஒரே சிவப்புச் சீட்டைப் புதிய இரும்புக் கதவில் கட்டி வைத்திருந்தேன், கீல் கிறீச்சிடுகிறது என்று. தாசில்தார் கையெழுத்துப் போடாத குறையாகத் தின்றுவிட்டது.

இரண்டு நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் பொங்கலுக்கு வந்த விருந்தாளி இன்னும் போகவில்லை. கேட்டால் பேருந்தில் கூட்டம் என்கிறார். தினமும் தொட்டி மேல் ஏறி, "எங்க வீட்டம்மா தோட்டத்துத் தக்காளி" என்று பூங்கா நண்பர்களிடம் அளக்கிறார். மயிலுசாமியோடு அரசியல் பேசிச் சண்டை போட்டாயிற்று. நாளைக்கும் போட வேண்டுமாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பல்லி சத்தம் கேட்டது. இவர் பழக்கதோஷத்தில் விரலால் தரையைத் தட்டினார்.

"நீயா?" என்று கேட்டார்.

"இல்லையே. நீங்களா?"

இவரும் இல்லையாம். அப்படியானால் நிஜப் பல்லிதான். எந்தப் பக்கம் சொன்னது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.